வருங்கால சூப்பர்வைசர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாகப் படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டு எடுத்து மடிக்கிறாள். எதையும் ஓரம் பார்த்துச் செய்கிறவள். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை பாடாய்ப் படுத்திவிட்டது.

பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவுக்கு விண்ணப்பித்திருந்தாள். வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லிப் பதில் வந்தது. அவள் பெயருக்குக் கீழே 'பிராஸ்பெக்டிவ் சூப்பர்வைசர்' என்று தடித்த எழுத்து. சூப்பர்வைசர் புரிந்தது. முன்னால் நிற்கிற ஆசாமிதான் யாரென்று தெரியவில்லை.

மகள் அகராதியைப் புரட்டினாள். "வருங்காலன்னு போட்டிருக்கும்மா."

"அப்படின்னா கிடைச்சாச்சா, இனிமேதான் கிடைக்குமா?"

"கிடைக்கலாம்னும் போட்டிருக்கு."

"அடி போடி! ஒரே வார்த்தைக்கு எத்தனைதான் போடுவாங்க?"

அவளுக்கு அவசரம். சலவைக்கூடத்தில் அடுத்த ஆண்டு ஒப்பந்தத்துக்குப் புதன்கிழமை சாயந்திரம்தான் கடைசி. கையெழுத்துப் போட்டால் ஒரு வருடம் நகர முடியாது. போடாவிட்டால் அன்றோடு வேலை போச்சு.

புருஷனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. "வருங்கால மாப்பிள்ளையா வந்த அன்னிக்கே உங்கப்பா என்னை வாய் நிறைய மாப்பிள்ளைன்னு கூப்பிடலையா? இதுவும் அதேதான்டி." அது என்னவோ சரியாகத்தான் பட்டது.

புதன்கிழமை சலவைக்கூட மேலாளர் கேட்டார். "யோசிச்சுத்தான் சொல்றீங்களாம்மா?"

"யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு சார். கையெழுத்து வேண்டாம்."

மறுநாள் ஓட்டல் கூடத்துக்குள் நுழைந்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் கையிலும் அதே கடிதம், அதே தடித்த எழுத்து. அடப்பாவிகளா, ஒரு பெண்ணுக்கு நாற்பது வருங்கால மாப்பிள்ளையா! அவளுக்கு அழுகை முட்டியது. யார் மேல் கோபப்படுவது என்றுகூடத் தெரியவில்லை.

"ஏங்க, எத்தனை பேரை எடுப்பாங்க?" என்று பக்கத்து நாற்காலிக்காரியிடம் கேட்டாள்.

"ஒரே ஆளைத்தானாம்."

ஒரு குமாஸ்தா ஆளுக்கொரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர், வயது, முகவரி என்று விறுவிறுவென்று எழுதினாள். அடுத்த வரியில் 'தற்போதைய வேலை' என்றிருந்தது. பேனா அங்கேயே நின்றுவிட்டது. நேற்றுவரை இருந்ததை எழுதலாமா? எழுதினால் பொய்யாகிவிடுமே.

"இந்த இடத்துல என்னங்க எழுதறது?" என்று மெல்லக் கேட்டாள்.

பக்கத்து நாற்காலிக்காரி தன் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். அவளுடையதிலும் அந்த வரி காலி.

"நானும் அதையேதான் பாத்துட்டிருக்கேன்கா. நேத்துதான் விட்டேன்."