அலரி என்றொரு பலகை

எழுபதுகளின் நடுவில் கனடாவில், அஜின்கோர்ட்டில் வீடு வாங்கினோம். பால் காய்ச்சுவதற்கு முன்பே என் கணவர் வாசலில் பெயர்ப்பலகை மாட்டிவிட்டார். தானே அறுத்து, பெயின்ற் அடித்து, தமிழில் எழுதியது: ‘அலரி’.

கொழும்பில் பிரதமரின் வீடு அலரி மாளிகை. முதல் வேலைக்குப் போன நாள் அந்த மதிலோரம் பஸ்ஸுக்கு நின்ற என் கணவர், வெளியே விழுந்துகிடந்த பூ ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டாராம். தனக்கென்று ஒரு வீடு வந்தால் இதுதான் பெயர் என்று அன்றே முடிவெடுத்தாராம். பிரதமர் ஆகாவிட்டால் என்ன, ஆசை யாரை விட்டது.

நானோ அந்த எழுத்தை ஒருதரம் வாசித்துவிட்டு, நிமிராமல் உள்ளே போனேன். எங்கள் ஊரில் அலரி என்றால் வேலியோரத்து மஞ்சள் பூமரம். அதன் கொட்டையை விளையாட்டாகக் கடித்துத்தான் என் தம்பி செத்தான். அதன்பிறகு வீட்டில் யாரும் அவன் கதையை எடுப்பதில்லை. கணவருக்குக்கூடக் காய்ச்சல் என்றுதான் சொல்லியிருந்தோம்.

பால் காய்ச்சிய அன்று, பக்கத்து ஊரான ஒஷாவாவில் வேலை செய்த மதுரைக்கார நண்பர் பலகையைப் பார்த்துச் சிரித்தார். “ஏங்க, வீட்டுக்குப் போய் யாராவது அரளின்னு பேர் வைப்பாங்களா?”

“உது அந்த நஞ்சு அலரி இல்லை,” என்று இவர் தொடங்கினார். “விகாரையிலை புத்தருக்கு வைக்கிற பூ. அலரி மாளிகை வளவுக்கை அந்த மரம் நிறைய நிண்டது. அதைப் பாத்து வெள்ளைக்காரர் காலத்திலை அந்த வீட்டுக்கு டெம்பிள் ட்ரீஸ் எண்டு பேர் வந்தது. சிங்களத்திலை அந்த மரம் அரலிய. எங்கட ஆக்கள் அதை அலரி ஆக்கிப்போட்டினம்.”

நண்பர் தலையாட்டினார். நான் பாயசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றேன். பெயர் வந்த கதை விளங்கியது. விளங்கி என்ன செய்ய? மரம் வேறென்றாலும் சொல் ஒன்றுதானே. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, அந்தச் சொல்லுக்குக் கீழே நின்று கதவைத் திறக்க என்னால் முடியாது.

எல்லோரும் போனபின் சொன்னேன். “இஞ்சருங்கோ, தம்பி காய்ச்சலிலை சாகேல்லை. அலரிக்கொட்டை கடிச்சவன்.”

அவர் எழுந்தார். வெளியே போய்ப் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, குசினி மேசையில் வைத்து எழுத்தைச் சுரண்டத் தொடங்கினார்.

“இந்த நாட்டுப் பிரதமரின்ரை வீட்டுக்குப் பேரே இல்லை. நம்பரும் தெருவும்தான். எங்களுக்கும் அது காணும்,” என்றார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அத்தனை வருஷம் அவர் வைத்திருந்த பூவை நான் பறித்துவிட்டேனே என்று கவலையாகவும் இருந்தது.

சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: “தம்பியின்ரை பேர் என்ன?”

அவன் செத்தபின் அம்மாகூட வாயால் சொல்லாமலே போய்ச் சேர்ந்த பெயர் அது. சொன்னேன். அவரும் ஒருதரம் சொல்லிப் பார்த்தார்.