மாசிலாமணி வாங்கிய தாம்பூலம்

அடுக்களையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. எவர்சில்வர் தட்டு ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, கடைசியில் தாளமாட்டாமல் அடங்குகிற சத்தம்.

முன் அறையில் உட்கார்ந்திருந்த மாசிலாமணி தலையைத் திருப்பவில்லை. கோவிந்தம்மாள் கை தவறிப் போடுகிறவள் இல்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஒரு தம்ளரைக்கூட அவள் நழுவவிட்டதில்லை. அவர் இப்போது வாயைத் திறந்து சொன்ன சொல்தான் உள்ளே போய் அந்தத் தட்டைத் தள்ளியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

எதிரே நாற்காலியில் இருந்த பேராசிரியர் மகாதேவனுக்குத் தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, கேட்டது சரிதானா என்பது போல மறுபடி கேட்டார்.

"வேண்டாம்னா சொல்றேள்? உங்க பையனுக்குக் கணக்கு ஆனர்ஸ் சீட்டு, மாசிலாமணி. ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் யூனிவர்சிடி பாத்துக்கும்."

"வேணாம்னு சொல்லலீங்க சார். வேற எடத்துல வார்த்தை குடுத்துட்டேன். தாம்பூலம் வாங்கிட்டேன்."

மகாதேவன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். தமிழர்தானே, தாம்பூலம் என்ற சொல்லுக்கு மேல் அவரால் எதையும் வைக்க முடியவில்லை. வரும் திங்கட்கிழமை வரை சீட்டை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாக மட்டும் சொல்லிவிட்டு, ஜூன் மாத வெயிலில் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாசிலாமணி பெரிய மனிதர் அல்ல. ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் தஃப்தரி. கோப்புகளைத் தைத்து, கட்டி, மேசைக்கு மேசை கொண்டுபோய் வைக்கிற வேலை. தில்லி சரோஜினி நகரில் இரண்டு அறை குவார்ட்டர்ஸ், முதல் மாடி. ஆனால் அலுவலகத்தில் பெரிய அதிகாரிகள் குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவது அவரிடம்தான். 'மாசிலாமணி சொன்னால் சொன்னதுதான்' என்ற பெயர் அவருக்கு. அந்தப் பெயரைச் சம்பளத்தைவிடப் பத்திரமாக அவர் காப்பாற்றி வந்தார்.

அவருடைய ஒரே மகன் வேலு. பள்ளிக்கூட இறுதித் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு, ஆங்கிலத்தில் நாற்பத்தொன்று. கணக்குப் போடுவதற்கு நிகராக அவனுக்கு வந்த இன்னொரு வித்தை கால்பந்து. அந்த வருஷம் பள்ளிகளுக்கிடையிலான போட்டியில் அவன் அடித்த கோல்களைப் பார்த்துத்தான் இரண்டு பல்கலைக்கழகங்கள் சரோஜினி நகர் மாடிப்படியைத் தேடி வந்தன.

இரண்டும் அக்கம்பக்கம். நடுவே ஒரு சாலை. கட்டிடத்தின் நிறத்தை வைத்து மாணவர்கள் ஒன்றைச் சிவப்பு என்றும் மற்றதை வெள்ளை என்றும் சொல்வார்கள். கோப்பை எல்லாம் சிவப்புக்குப் போகும், ராங்க் எல்லாம் வெள்ளைக்கு வரும். வெள்ளைக்காரர்களுக்குப் பந்து எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாது என்று சிவப்பில் சிரிப்பார்கள். சிவப்புக்காரர்களுக்குத் தாங்கள் அடித்த கோலை எண்ணத் தெரியாது என்று வெள்ளையில் சிரிப்பார்கள். இப்படியே காலம் போயிருக்கும். போன வருஷம் சிவப்புப் பல்கலைக்கழகத்துப் பெண் ஒருத்தி பொருளாதாரத்தில் அகில இந்திய முதலிடம் வாங்கித் தொலைத்தாள். அன்றைக்கே வெள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. நீ எங்கள் ராங்க்கைத் தொட்டால் நாங்கள் உன் கோப்பையைத் தொடுவோம் என்று ஒரு விளையாட்டுக் குழு போட்டார்கள். அதற்குத் தலைவர், வாழ்நாளில் பந்தை உதைத்தறியாத கணக்குப் பேராசிரியர் மகாதேவன்.

ஆனால் அவர் வருவதற்கு ஒரு வாரம் முன்பே சிவப்பின் பயிற்சியாளர் வந்து போயிருந்தார். நேகி என்று பெயர். கட்டுமஸ்தான கட்வால் மலைப்பக்கத்து மனிதர், நரைத்த மீசை. அன்று வீட்டில் மாசிலாமணி மட்டும்தான் இருந்தார். கோவிந்தம்மாள் பால் பூத் வரிசையில், வேலு மைதானத்தில். நேகி இந்தியில் இரண்டு வார்த்தைதான் பேசினார். பையன் எங்களுக்கு ஆடட்டும், பி.ஏ. படிக்கட்டும், இரண்டு வருஷத்தில் பாங்க் டீமில் வேலை வாங்கித் தருவது என் பொறுப்பு. பிறகு பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தார். அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீப்பு வாழைப்பழம், குடுமியோடு தேங்காய். எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

அதைப் பார்த்ததும் மாசிலாமணியும் எழுந்துவிட்டார். மனம் யோசிப்பதற்குள் கை நீண்டுவிட்டது.

சேதி பரவ எத்தனை நேரம்? பக்கத்து செக்ஷன் அழகர்சாமி மறுநாளே மேசைக்கு வந்து நின்றான்.

"என்னய்யா மாசிலா, மகனுக்கு நிச்சயம் பண்ணிட்டியாமே? பொண்ணு யாரு, பந்தா? நல்ல உருண்டையா, லட்சணமாத்தான் இருக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். உள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. பாங்க் உத்தியோகம் லேசான காரியமா?

அந்தப் பெருமைதான் இன்று மகாதேவன் போன பிறகு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது.

வேலு சாயங்காலம் வந்தான். விஷயத்தை அப்பாவே சொன்னார். கணக்கு ஆனர்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் பையனின் முகத்தில் ஒரு விளக்கு எரிந்தது. அடுத்த வாக்கியத்தில் அணைந்தது. அவன் சண்டை போடவில்லை. சிவப்பில் கணக்கு ஆனர்ஸ் கிடையாது என்பதை மட்டும் ஒருதரம் சொன்னான். பிறகு, "டீக் ஹை ப்பா. குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு," என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, பால்கனிக்குப் போய் நின்றுகொண்டான். மைதானத்திலிருந்து கூட்டாளிகள் கூப்பிட்டார்கள். அவன் போகவில்லை.

பிள்ளை அழுதிருந்தால் தேற்றலாம், எதிர்த்திருந்தால் அதட்டலாம். சரி என்று ஒத்துக்கொண்ட இந்த 'டீக் ஹை'யை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்ன செய்வான்?

மாசிலாமணிக்குத் தாம்பூலம் என்பது வெறும் வெற்றிலை பாக்கு அல்ல. அதற்கு ஒரு கதை உண்டு. செய்யாற்றுப் பக்கம் அவருடைய அண்ணன் அய்யாசாமிக்குத்தான் முதலில் கோவிந்தம்மாளைப் பேசினார்கள். தட்டு மாற்றியாயிற்று. மாதம் ஒன்று போவதற்குள் நாலு ஏக்கர் நஞ்சையோடு வேறொரு சம்பந்தம் வந்தது. அய்யாசாமி தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டான். பெண்ணின் தகப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வராமல் கிடந்தார். தில்லியிலிருந்து விடுப்பில் போயிருந்த மாசிலாமணிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதே மாதிரி ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நேரே அந்த வீட்டு வாசலில் போய் நின்றார். அண்ணன் திருப்பிய தட்டைத் தம்பி கொண்டுவந்திருக்கிறேன், பெண் கொடுப்பீர்களா என்றார். சுற்றுவட்டாரமே அவரைப் புகழ்ந்தது. வார்த்தையைக் காப்பாற்றுகிறவன் என்ற பெயர் அன்று பிறந்ததுதான்.

அப்படிப்பட்டவர் இன்று ஒரு தட்டைத் திருப்புவதா? அதுவும் இதைவிட நல்ல சம்பந்தம் வந்துவிட்டது என்பதற்காகவா? அய்யாசாமிக்கும் தனக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?

இதைத்தான் அவர் கோவிந்தம்மாளிடம் சொன்னார். அவள் கோதுமை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுக்கொண்டாள். மாவை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"தோ பாருய்யா. இருவது வருசமா நீ இந்தக் கதைய சொல்லிக்கினு இருக்க, நானும் கேட்டுக்கினு இருக்கேன். இன்னிக்கி நான் ஒண்ணு சொல்றேன். அந்தத் தட்டு திரும்பி வந்தப்போ எங்கப்பன் அழுவுச்சு, எங்கம்மா அழுவுச்சு. நான் அழுவல."

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கண்ணன் ஒருக்கா எங்கூட்டாண்ட வண்டி கட்டினு வந்தாரு. படுத்த மாட்ட எழுப்பறேன்னு அடிச்சாரு பாரு ஒரு அடி. அத்த பாத்தவ நானு. அன்னியிலேந்து எனக்குத் தூக்கமில்ல. தட்டு திரும்பி வந்த அன்னிக்கித்தான் தூங்கனேன்."

"இத்தினி நாளா ஏம்மே சொல்லல?"

"யாரு கேட்டாங்க? தட்டு வந்தப்பவும் கேக்கல, போனப்பவும் கேக்கல. நீ தட்ட எத்தினு வந்து நின்ன பாரு, நீயுந்தான் கேக்கல."

பிறந்த நாளிலிருந்து தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று மாசிலாமணி நினைத்திருந்த ஒன்றின் அடியில் இப்படியொரு கேள்வி இருபது வருஷம் கிடந்திருக்கிறது. அவர், "அப்ப நான் வந்தது?" என்று கேட்டார்.

"நீ வந்தது நல்லதா போச்சி. அது என் அதிஷ்டம்யா, உன் கெட்டிக்காரத்தனம் இல்ல." அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது, குரல் மட்டும் உடையவில்லை. "எம்புள்ளைய அதிஷ்டத்துக்கு உட்டுடாத. அவனக் கேளு."

அவர் எழுந்து பால்கனிக்குப் போனார். வேலு கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றிருந்தான். மகனிடம் இதுவரை அவர் எதைச் செய் என்றுதான் சொல்லியிருக்கிறாரே தவிர, எது வேண்டும் என்று கேட்டதில்லை. எப்படிக் கேட்பது என்றுகூட உடனே வரவில்லை. பக்கத்தில் நின்று தானும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு எதுடா வேணும்?"

வேலு அப்பாவைத் திரும்பிப் பார்க்கப் பயந்தவன் போலக் கீழே பார்த்துக்கொண்டே சொன்னான்: "மேத்ஸ் ப்பா."

ஞாயிற்றுக்கிழமை நேகி வருவதாகச் சொல்லியிருந்தார். காலையிலேயே மாசிலாமணி ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனார். நேகி கொடுத்த வாழைப்பழத்தை என்றோ சாப்பிட்டாயிற்று. வெற்றிலை வாடிப்போயிற்று. குறைத் தட்டைத் திருப்பக்கூடாது என்பது சாஸ்திரமோ இல்லையோ, அவருடைய மனசாட்சி. நல்ல தேங்காயாகத் தட்டிப் பார்த்து எடுத்தார். பித்தளைத் தட்டைக் கோவிந்தம்மாள் புளிபோட்டுத் துலக்கி வைத்திருந்தாள்.

நேகி வந்து உட்கார்ந்ததும் காப்பிகூடக் கொடுக்காமல் மாசிலாமணி தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றார். தமக்குத் தெரிந்த ஆபீஸ் இந்தியில், தாம் செய்தது தப்பு என்றார். பையனைக் கேட்காமல் வாங்கிவிட்டேன், அவனுக்குக் கணக்குப் படிக்க வேண்டும், என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள் என்றார். திங்கட்கிழமை அலுவலகத்தில் அழகர்சாமி என்ன சொல்வான் என்பதெல்லாம் அந்த நிமிஷத்தில் அவருக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

நேகி திட்டவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லச் சிரித்தார். அது சந்தோஷச் சிரிப்பு அல்ல.

"பாய் சாப், நான் ஒன்று சொல்லட்டுமா? மதராசி வீட்டுக்குப் போகிறேன், என்ன கொண்டுபோகட்டும் என்று மார்க்கெட்டில் உங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கேட்டேன். இதைக் கொடு, இதைக் கையில் வாங்கிவிட்டால் அவர்கள் வார்த்தை மாறவே மாட்டார்கள் என்றார். அதனால்தான் கொண்டுவந்தேன்."



நேகி மறைக்காமல் எல்லாம் சொன்னார். வருஷா வருஷம் நல்ல பையன்களாகத் தேடிப் பிடிப்பது அவர். இப்போது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆனர்ஸ் சீட்டு என்ற ஒரு சொல்லைக் காட்டி அழைத்துக்கொள்கிறார்கள். இந்த வருஷமே மூன்று பேர் போய்விட்டார்கள். அவரிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு மைதானம், பயிற்சி முடிந்தால் ஒரு தம்ளர் பால். பாங்க் வேலைகூட, முயற்சி செய்வார், கிடைத்தால் உண்டு. ஒரு தட்டால் ஒரு பையனை நிறுத்திவைக்க முடியுமென்றால் ஏன் கூடாது என்று நினைத்தார்.

ஏமாற்றிவிட்டார் என்று கோபப்பட மாசிலாமணிக்கு உரிமை இருந்தது. கோபப்பட்டிருந்தால் பாரமும் இறங்கியிருக்கும். ஆனால் அவருக்கு அது வரவில்லை. எதிரே இருந்தவர் முகத்தில், காரியம் கைவிட்டுப் போகிறதே என்று கடைசி முயற்சியாக எதையோ பற்றிக்கொண்ட மனிதனின் களைப்புத்தான் தெரிந்தது.

"நீங்க தெரிஞ்சு குடுத்தீங்க சாப். நானும் தெரிஞ்சுதான் வாங்கினேன்," என்றார். "பாதித் தப்பு என்னுது. அத்த நான் திருப்பணும் இல்ல."

நேகி எழுந்தார். இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். ஒரு பழத்தை மட்டும் எடுத்து, உள்ளறை வாசலில் நின்றிருந்த வேலுவைக் கூப்பிட்டு அவன் கையில் வைத்தார். பையன் குனிந்து அவர் காலைத் தொட்டான்.

"கணக்கு படி," என்றார் நேகி. "டிசம்பரில் எங்களை எதிர்த்து ஆட வருவாய் அல்லவா? உன் இடது கால் பேசாது, வலது காலை மட்டும் மறித்தால் போதும் என்று எங்கள் பையன்களிடம் சொல்லிவைப்பேன். அதில் வருத்தப்படக்கூடாது."

"அதுக்குள்ள பேச வெச்சுடறேன் சார்," என்றான் வேலு, இந்தியில்.

நேகி அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கோவிந்தம்மாள் அவசரமாகக் கொண்டுவந்த காப்பியை நின்றபடியே குடித்தார். தட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாசிலாமணிக்குக் கைகூப்பிவிட்டுப் படியில் இறங்கினார். அவருடைய கனத்த செருப்புச் சத்தம் கீழ்ப்படியைத் தாண்டிச் சாலைக்குப் போகிறவரைக்கும் மாசிலாமணி வாசலிலேயே நின்றிருந்தார். அப்புறம் அனல்காற்று வீட்டுக்குள் வராதபடி கதவைச் சாத்தினார்.