பதினேழாம் கம்பத்துக் காக்கைகள்

தந்திக் கம்பத்தில் ஏறுவதற்கு ஏசுவடியானைப் போல ஓர் ஆள் திருத்தணியில் கிடையாது. அவன் அக்கா அன்னம்மாள் இதைச் சொல்லாத நாளில்லை. பொய்யில்லையென்பதால் யாரும் மறுத்ததுமில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம் அவன் டெம்பரரி லைன்மேன். அக்கா வீட்டில் சாப்பாடு. ரயிலடியிலிருந்து மலையடிவாரம் வரை இருபத்து மூன்று கம்பங்கள் அவன் பொறுப்பு. வெயில் காலத்தில் அவனுக்குப் பெரிய வேலை காக்கைக் கூடுகளை இறக்குவதுதான். காக்கைக்குச் சுள்ளியைவிடக் கம்பித் துண்டின் மேல் ஆசை. கூட்டிலிருந்து ஒரு துண்டு தொங்கி இரண்டு கம்பிகளிலும் பட்டால் போதும், தந்தி ஊமையாகிவிடும். ஏசுவடியான் நாலு சுள்ளி சேரும்போதே கலைத்துவிடுவான். "முட்டை வெச்சப்புறம் கை வெச்சா பாவம்க்கா" என்பான்.

அந்த வைகாசியில் அவனுக்கு மலேரியா வந்தது. பதினெட்டு நாள் படுக்கை. எழுந்து போனபோது, பெரிய வேப்பமரத்துக்கு எதிரிலிருந்த பதினேழாம் கம்பத்தில் கூடு முழுசாக இருந்தது. உள்ளே இரண்டு முட்டைகள். மறுநாள் பதினாறாம் கம்பத்தின் மேல் வேலையாக இருந்தவன், சாயங்காலம் ஓடி வந்து சொன்னான்.

"அக்கா, ஆண் குயிலு கிட்ட வந்து கத்திச்சு. ரெண்டு காக்காவும் அதைத் தொரத்திகினு போச்சு. அதுக்குள்ள பொட்டைக் குயிலு பூந்து முட்டை வெச்சிட்டு வந்துடுச்சு. புருசனும் பொஞ்சாதியும் சேந்து செய்ற வேலையைப் பாரு!"

"கூட்டை இன்னாடா பண்ணப் போற?"

"தொங்கற கம்பியெல்லாம் கத்தரிச்சிட்டேன். இருந்துட்டுப் போவட்டும்."

அந்த வருஷம்தான் அவனுடைய பெர்மனன்ட் கடுதாசி வர வேண்டும். ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்கு முன்னால் லைன் இன்ஸ்பெக்டர் பஞ்சாட்சரம் நேரில் வந்து கம்பம் கம்பமாகப் பார்த்து எழுதப் போகிறார். ஒரு கூடு கண்ணில் பட்டாலும் போச்சு.

குஞ்சுகள் பொரிந்த பிறகு காக்கைகள் ஏசுவடியானைக் கண்டாலே தலையில் கொத்தின. மூன்று தலைப்பாகைகள் கிழிந்தன. கடைசியில் அக்காவின் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு ஏறினான். யுத்த காலமாயிற்றே, கடைத்தெருவில் "சட்டி சிப்பாய்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அவன் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டான். தினமும் கூட்டுச் செய்தி கொண்டுவருவான்.

"குயில் குஞ்சு வாய மூடறதே இல்லக்கா. சொந்தக் குஞ்சு ரெண்டும் ஓரமா ஒதுங்கி நிக்குது."

"அந்தக் காக்காவுக்குத் தெரியாதா?"

"வாயத் தொறந்தா ஊட்டுது. வேற இன்னா தெரியணும் அதுக்கு?"

ஆனி கடைசியில் பஞ்சாட்சரம் சைக்கிளில் வந்து இறங்கினார். அன்னம்மாள் தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், தூக்குச்சட்டி வைத்த வெங்காயக் கூடையும் கையுமாகப் பதினேழாம் கம்பத்தடியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னாடா அது மேல?" என்றார் பஞ்சாட்சரம்.

"காக்காக் கூடு சார். கம்பியெல்லாம் வெட்டிட்டேன். இன்னும் எட்டு நாள் குடுத்தா பறந்துடும்ங்க."

"சர்க்கார் உனக்குச் சம்பளம் குடுக்குதா, காக்கா குடுக்குதா? எறக்கு!"

ஏசுவடியான் மேலே போனான். கூட்டைக் கலைக்காமல், அக்காவின் கூடையைக் கயிற்றில் மேலே இழுத்து, அதில் கூட்டை வைத்து இறக்கினான். இரண்டு காக்கைகளும் சட்டியின் மேல் டணார் டணாரென்று மோதின.

"எறக்கிட்டே இல்ல? தூக்கிப் போட்டுட்டு அடுத்த கம்பத்துக்கு நட" என்றார் பஞ்சாட்சரம்.

"கால் மணி நேரம் குடுங்க சார். வேப்பமரத்துல கட்டிட்டு வந்துடறேன்."

"மனுசன் கை பட்டத காக்கா சேக்காது. மரத்துல ஏறினா, டியூட்டி நேரத்துல காக்காவுக்கு ஊழியம் செஞ்சான்னு எழுதுவேன். அப்புறம் உன் இஷ்டம்."

"டேய், வேணாண்டா!" என்று அன்னம்மாள் கத்தியே விட்டாள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு ஏறினான்.

கூடையைக் கிளையில் கட்டிவிட்டு இறங்கி நின்றான். காக்கைகள் கம்பத்தில் உட்கார்ந்து, கூடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. பஞ்சாட்சரம் நிழலில் உட்கார்ந்து இட்டலிப் பொட்டலத்தைப் பிரித்தார். இன்னொரு கையில் கம்பக் கணக்கு எழுதும் பாரமும் பென்சிலும். அன்னம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணினாள். அப்போதுதான் கூடைக்குள்ளிருந்து குயில் குஞ்சு வீறிட்டது. சொந்தக் குஞ்சுகள் இரண்டும் மூச்சு விடவில்லை.

சர்ரென்று ஒரு காக்கை வந்தது. இன்ஸ்பெக்டர் கையிலிருந்து அரை இட்டலியைப் பிடுங்கிக்கொண்டு வேப்பமரத்துக்குப் போயிற்று. கூடை விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்துவிட்டு, திறந்திருந்த அந்தப் பெரிய வாயில் திணித்தது.

பஞ்சாட்சரம் வெறுங்கையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார். "என் இட்டலிய எடுத்து ஊரான் புள்ளைக்கு ஊட்டுது பாரும்மா!" என்றார் அன்னம்மாளிடம். பாரத்தில் 'பதினேழு: கூடு இறக்கப்பட்டது' என்று எழுதி, "பொய்யில்லையே?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளில் ஏறினார்.

ஆவணியில் பெர்மனன்ட் கடுதாசி வந்தது. கூடவே கூடூருக்கு மாற்றலும் வந்தது.

காக்கை கரைந்தால் விருந்தாளி வருவார் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அன்னம்மாள் வீட்டில் அது வேதவாக்கு. தம்பி லீவில் வந்து மத்தியான ரயிலை விட்டு இறங்கி வேப்பமரத்தைத் தாண்டினால் போதும், அந்தக் காக்கைகள் ஆளைக் கண்டுபிடித்துவிடும். காக்கி உடுப்பில்லாமல் வெள்ளை வேட்டியில் வந்தாலும் விடாது. கூச்சல் தெருத் தெருவாக நெருங்கி வரும். அன்னம்மாள் உலை வைத்து அரிசி களைந்துவிடுவாள். சாதம் வடிக்கும்போது அவன் தலையைத் தடவிக்கொண்டு வாசலில் நிற்பான்.

நாலரை வருஷம் இப்படித்தான். நாற்பத்தொன்பதாம் வருஷம் ஒரு பங்குனி மத்தியானம், "அக்கா" என்ற குரல் கேட்டு அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். அடுப்பில் ஒன்றுமில்லை.

"காக்கா கத்தவே இல்லியேடா!"

"ஆங். மரத்தடியில ரொம்ப நேரம் நின்னேன்க்கா. வேற காக்காங்கதான் இருந்துச்சு. ஒண்ணும் என்னைச் சட்டை பண்ணல."

அவன் தலைப்பாகையை அவிழ்த்தான். கசங்காமல், ஓர் ஓட்டைகூட இல்லாமல் இருந்தது. அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்னம்மாள் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு அவன் சோற்றுக்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.