தொண்ணூற்றாறு பக்கத்தில் என் நாலு பக்கம்

இதை எழுத எனக்கு ஆறு வருஷம் தயக்கம். பத்தாவதோடு நின்றவள், ஊரார் எழுதியதை டைப் அடித்துக் கொடுத்தவள். எழுதுவது எப்படி என்று நான் சொன்னால் யார் கேட்பார்கள் என்று இருந்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், அம்மன் படத்துக்கு முன்னால் வைப்பேன், மூடிவிடுவேன். போன மாதம் எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு பெண், "எனக்கெல்லாம் எழுத வருமாக்கா? நான் பெருசா படிக்கல" என்று கேட்டாள். அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. அவளுக்காகவும் அவளைப் போன்றவர்களுக்காகவும் நடந்ததை எழுதுகிறேன்.

1. ஃபாரம்

மேற்குத் தாம்பரத்தில் நஜீர் பாயின் டி.டி.பி. கடையில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், ரிட்டயரானவர்களின் கதை, கவிதை எல்லாம் வரும். சேர்ந்த முதல் நாளே பாய் ஒரு சட்டம் சொல்லிவிட்டார். கஸ்டமரின் எழுத்து நம்மிடம் கொடுத்து வைத்த அமானிதம், அவரைக் கேட்காமல் ஒரு புள்ளிகூட மாற்றக்கூடாது.

புத்தகம் அச்சடிப்பது ஃபாரம் கணக்கில். பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஆறு ஃபாரம் என்றால் தொண்ணூற்றாறு பக்கம். இரண்டு பக்கம் கூடிப்போனால் எழுதியவரைக் கூப்பிட்டு வெட்டச் சொல்வோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரோ தன் பிள்ளையைக் கிள்ளுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கடைசியில் எதை வெட்டுவார் தெரியுமா? பெரும்பாலும் முதல் பாராவை. சூரியன் உதிப்பது, பறவை கூவுவது, "வாழ்க்கை என்பது" என்று தொடங்குவது. வெட்டிய பிறகு கதை ஒரு அடி முன்னால் வந்து நிற்கும். வருஷக்கணக்கில் இதைப் பார்த்துப் பார்த்துத்தான் கதை எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. எந்த வகுப்பிலும் நான் உட்கார்ந்ததில்லை.

2. ஜும்மா நேரம்

வெள்ளிக்கிழமை பாய் தொழுகைக்குப் போனால் திரும்பி வர ஒன்றரை மணி நேரமாகும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, என் கதையை டைப் அடிப்பேன். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம், அவ்வளவுதான். "டைம் கிடைக்கல" என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். எனக்கு நாலு பக்கம் எழுத பதினோரு வெள்ளிக்கிழமை ஆனது.

கதை என் வீட்டுக்காரரைப் பற்றியது. நான் வேலைக்குச் சேருவதற்கு முந்தைய வருஷம் அவர் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிவிட்டார்கள். அதை என்னிடம் சொல்லாமல் இரண்டு மாதம் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பி, பல்லாவரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு சாயங்காலம் வருவார். எனக்கு எப்படித் தெரிந்தது என்றால், வேலை இருந்தவரை ஒரு நாளும் பாக்ஸைக் கழுவாத மனுஷன் தினமும் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகும்போது ஸ்டேஷன் மேம்பாலத்திலிருந்து அவரைப் பார்த்தேன். பெஞ்சில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் திரும்பிவிட்டேன். பிறகு அவருக்கு ஒரு காலேஜ் ஹாஸ்டலில் வேலை கிடைத்தது. நான் பார்த்ததை அவரிடம் சொன்னதே இல்லை.

3. ஆடி வெள்ளி

அப்போது சபாபதி சார் என்று ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவரின் சிறுகதைத் தொகுப்பு எங்களிடம் இருந்தது. பன்னிரண்டு கதை, தொண்ணூற்றிரண்டு பக்கம். கடைசி நாலு பக்கம் காலி. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு ஆசை வந்தது. என் கதை புத்தகப் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். சாருடைய ஃபைலில், பன்னிரண்டாவது கதைக்குப் பின்னால் என் கதையை ஒட்டினேன். சரியாக நாலு பக்கம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கரண்ட் போனது. யு.பி.எஸ். கத்தியது. பதறிப்போய் சேவ் செய்து மூடிவிட்டேன்.

மறுநாள் ஆடி வெள்ளி. பம்மலில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்க லீவு போட்டிருந்தேன். சனிக்கிழமை காலை கடைக்கு வந்ததும் பாய் சந்தோஷமாகச் சொன்னார்: "சாருக்கு புரூஃப் எடுத்துக் குடுத்துட்டேன்மா. தொண்ணூத்தாறு பக்கம், ஃபாரம் கரெக்டா உக்காந்துகீது."

தாயே, நேற்று உனக்குக் கூழ் ஊற்றினேனே என்று மனசுக்குள் அழுதேன். வேலை போவது ஒரு பக்கம். என் வீட்டுக்காரரின் மானம் யாரோ ஒருவர் வீட்டு மேஜையில் கிடந்தது.

4. சிவப்பு மை இல்லாத பக்கம்

பதினோரு மணிக்கு சபாபதி சார் புரூஃப் கட்டோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை.

"பாய், நான் குடுத்தது பன்னெண்டு கதை. இதுல பதிமூணு இருக்கு."

"நீங்களே எழுதிட்டு மறந்துருப்பீங்க சார்," என்றார் பாய்.

"நானும் அப்படித்தான் நெனைச்சு ஒரு மணி நேரம் பெருமைப்பட்டேன். வீட்ல குடுத்துப் படிக்கச் சொன்னேன். 'இது நீங்க எழுதினது இல்ல. நீங்க எழுதியிருந்தா டிபன் பாக்ஸுக்கு முன்னாடி சூரியன் வந்திருக்கும்'னுட்டா."

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எழுந்து நின்று, அது என்னுடையது என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

பாய் முகம் மாறிவிட்டது. கத்தவில்லை, கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அமானிதத்துல உன் சொந்தச் சரக்க வெச்சியேம்மா" என்று மட்டும் சொன்னார். இன்றோடு நின்றுவிடுகிறேன் என்று பையை எடுத்தேன்.

"உக்காரும்மா," என்றார் சார். கடைசி நாலு பக்கத்தைப் பிரித்து மேஜையில் வைத்தார். அதில் ஒரு சிவப்புக் கோடு இல்லை. "மூணு தடவ பேனாவ எடுத்தேன். வைக்க எடம் கிடைக்கல. உனக்குச் சம்மதம்னா உன் பேர் போட்டு என் புத்தகத்துலயே வரட்டும். ஒரு எழுத்தும் மாத்தக்கூடாது."

எனக்குச் சம்மதம்தான். ஆனால் சம்மதம் சொல்ல வேண்டியவர் நான் மட்டும் இல்லையே.

5. புளி சாதம்

ஞாயிற்றுக்கிழமை விளக்கேற்றி, அந்த நாலு பக்கத்தையும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து என் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று அவர் சொன்னால் கிழித்துவிடுவதாக அம்மனிடம் சொல்லியிருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன்.

படித்து முடித்து அடுப்படிக்கு வந்து கேட்டார்: "அப்போ உனக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"சந்தைக்குப் போன அன்னிக்கு சாம்பார் சாதம்னு போட்டிருக்க. அன்னிக்குப் புளி சாதம். பக்கத்துல பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருத்தர் இருந்தாரு, பாதி அவருக்குக் குடுத்தேன்."

பதிமூன்று வருஷம் கழித்து அந்தப் புளி சாதம் அவருக்கு ஞாபகம் இருந்தது. பூட்டு ரிப்பேர்க்காரரையும் சேர்க்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ பார்த்தப்போ அவரு எழுந்து போயிருந்தாரு. நீ பார்த்தத மட்டும் எழுது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புளி சாதம்னு மாத்திட்டுக் குடு. நல்லாருக்கு."

இவ்வளவு வருஷத்தில் எழுத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். கண்ணால் பார்த்ததை எழுதுங்கள். அழுகை வந்தது என்று எழுதாதீர்கள், பாக்ஸ் கழுவியிருந்தது என்று எழுதுங்கள். சாதம் சாம்பார் சாதமா புளி சாதமா என்று யோசித்து எழுதுங்கள். எழுதியதில் சொந்த மனுஷர் இருந்தால் ஊருக்குக் காட்டும் முன் அவரிடம் காட்டுங்கள்.

6. காலியான நாலு பக்கம்

திங்கட்கிழமை சபாபதி சார் மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பன்னிரண்டு கதையிலும் முதல் பாராவை அடிக்கச் சொன்னார். பன்னிரண்டு சூரியனையும் நானே டெலீட் செய்தேன். முடித்தபோது நாலு பக்கம் குறைந்துபோய், ஃபாரம் மறுபடி உட்காரவில்லை.

இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசாத பாய் எட்டிப் பார்த்தார். "நாலு பக்கம் காலியா கீது. இன்னொண்ணு எழுதும்மா. வெள்ளிக்கிழம வரைக்கும் டைம்." தன் மேஜைக்குத் திரும்பிக்கொண்டே, "இந்தத் தடவ ஷட்டரத் தெறந்து வெச்சே எழுது" என்றார்.

பதினோரு வாரம் பிடித்த நாலு பக்கத்தை இந்தத் தடவை ஐந்து நாளில் முடித்தேன். குரோம்பேட்டையில் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு. சார் மேடையேறி, தன் கதையை விட்டுவிட்டு என் கதையைப் படித்தார். "புளி சாதம்" என்று அவர் வாசித்தபோது, மூன்றாவது வரிசையில் என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்தவரிடம், "அது நான்தான் சார்" என்று சொன்னது எனக்கே கேட்டது.

போன தையில் என் சொந்தத் தொகுப்பு வந்தது. ஆறு ஃபாரம், தொண்ணூற்றாறு பக்கமும் என்னுடையது. முதல் பிரதி அம்மனுக்கு, இரண்டாவது பாய்க்கு, மூன்றாவது அவருக்கு. அவர் அதை டிபன் பையில் வைத்து ஹாஸ்டலுக்கு எடுத்துப்போனார்.

எழுதத் தயங்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்குக் கொடுங்கள். குரூப்பில் போடுவதானாலும் போடுங்கள். ஆனால் இப்படியே போடுங்கள். முன்னால் ஒரு நல்ல வரி சேர்க்க வேண்டாம், நான் செய்த தப்பை எடுத்துவிடவும் வேண்டாம். இதில் ஒரு வார்த்தையை மாற்றும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் நேற்று படித்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.