ஐம்பத்தேழா அறுபதா

எர்மெஸ் குவால்திக்கு அந்த வாரம் சாப்பாடே இறங்கவில்லை. இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா நகருக்கு வெளியே, டிராக்டருக்கும் மண்வாரிக்கும் எண்ணெய்ப் பம்புகள் தயாரிக்கும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடமாகச் சோதனை மேடை அவர் கையில். பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்று அவர் சொன்னால் அதுவே விவரப் பட்டியலில் அச்சேறும். இப்போது புதுப் பம்புக்கு வடிவமைப்பு இஞ்சினியர் மார்ஸியா பெல்லேயின் கணினி ஐம்பத்தேழு என்றது. மேடை அறுபது என்றது.

மேடையில் குறைந்தால் கசிவு எனலாம். கூடினால்?

"இஞ்சினியரம்மா, உங்க பொட்டி மூணு லிட்டரைக் குடிச்சிடுச்சா?"

"உங்க மீட்டர்தான் போதையில இருக்கு. எண்ணெய்க்குப் பதிலா லாம்ப்ருஸ்கோ ஒயினை ஊத்தினீங்களா, எர்மெஸ்?"

மேலாளர் ஒத்தோனே சிரிக்கவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லுப்பா. இல்லேன்னா கணினிக் கணக்கே போதும், மேடையை மூடிடுவோம்."

எர்மெஸ் மீட்டரை மாற்றினார். அறுபது. எண்ணெயின் சூட்டைச் சரிபார்த்தார். அறுபது. கடிகாரம் வைத்துப் பீப்பாயில் பிடித்து எடைபோட்டார். அப்போதும் அறுபது. தன் கண்மீதே சந்தேகம் வந்தது.

வியாழக்கிழமை மார்ஸியா மேடைக்கே வந்து நின்றாள். எர்மெஸ் இன்னொரு புதுப் பம்பைப் பூட்டி, அழுத்தத்தை மெல்ல ஏற்றினார். உள்ளே கரகரத்தது.

"ஐயோ, எதுவோ அறுபடுது!"

"ஆமா, அறுக்குது."

"எதை?"

"பம்போட உறையைத்தான். அழுத்தம் ஏறினா பல்சக்கரம் ஒருபக்கமா ஒதுங்கி, அலுமினியத்துல தன் இடத்தைத் தானே செதுக்கிக்கும். அதுல ஒட்டி ஓடுறதால இடுக்கு குறையும், கசிவும் குறையும். அப்புறம்தான் அளப்போம்."

"வரைபடத்துல வழுவழுன்னு வட்டம்தானே இருக்கு! யாரும் எங்கிட்ட சொல்லலையே?"

"இது தெரியாதவங்க இருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எவ்வளவு ஆழம் செதுக்கும்?"

"சத்தம் அடங்குற வரைக்கும்."

"சத்தத்தை எப்படிங்க கணினியில போடுறது?"

பம்பைப் பிரித்து அளந்தார்கள். பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எட்டுப் பங்கு. அந்தப் பள்ளத்தையும் சேர்த்ததும், மறுநாள் காலை கணினி அறுபதுக்கு வந்து நின்றது.

ஒத்தோனே கணினிக் கணக்குத் தாளையும் மேடைக் கணக்குத் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "சரி. எல்லாப் பம்புலயும் இதே எட்டுதானா?"

ஆயிரக்கணக்கான பம்புகளின் கரகரப்பு அடங்கும்வரை காதுகொடுத்து நின்ற எர்மெஸ், ஒன்றின் ஆழத்தையும் அதற்குமுன் அளந்ததில்லை.

"தெரியலையே," என்றார்.

"அப்போ மேடையை மூட முடியாது. நாப்பது பம்பு அனுப்புறேன், எல்லாத்தையும் ஓட்டிப் பிரிச்சு அள."

ஜெயித்தோமா மாட்டிக்கொண்டோமா என்று புரியாமலே எர்மெஸ் முதல் பம்பைப் பூட்டப் போனார்.