அடைய மறுத்த கோழிகள்

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டைச் சுத்தம் செய்வது என் வேலை. ஒன்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அது. நானாகக் கேட்டு வாங்கியதல்ல.

அப்போது நாங்கள் சிராங்கூன் சாலையிலிருந்து உள்ளே போகும் மண்பாதையில், தகரக்கூரை போட்ட பலகை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்ற ஒரு கிராமத்தில் குடியிருந்தோம். கம்பம் என்போம் அதை. அப்பாவுக்குத் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை. அம்மாவுக்கு ஏழு கோழிகள். காலையில் அவற்றைத் திறந்துவிட்டதும் நான் எச்சத்தைச் சுரண்ட வேண்டும். ஈர மரத்தூளை வெளியே அள்ளிவிட்டுப் புதுத்தூள் பரப்ப வேண்டும். கோழிகள் உட்காரும் கம்பைக் கழற்றி வெயிலில் போட்டு, பேன் பிடிக்காமல் இருக்கச் சாம்பல் தேய்த்துத் திரும்ப மாட்ட வேண்டும். கம்பு மெல்லியதாக இருந்தால் பாவம், விடிய விடிய இறுக்கிப் பிடித்துக்கொண்டே தூங்க வேண்டியிருக்கும் என்பாள் அம்மா. நாங்கள் மூன்று பேர் ஒரே பாயில் படுத்தோம். கோழிகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சாண் இடம் அளந்து விட்டிருந்தாள்.

முதல் ஜோடிக் கோழியைக் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சொந்தமில்லை. அவர்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாரியம்மன் கோயிலுக்கு. அம்மா அவரை அக்கா என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் பெரியம்மா. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த முள்கம்பி வேலியில் ஓர் இடத்தை வளைத்துவிட்டு அதன் வழியாகத்தான் போக வர இருந்தோம்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் எனக்கு வேலை அலுத்துவிட்டது. ஈரத்தூள் கனத்தது, நாறியது. அதை வெளியே அள்ளாமல் கூட்டின் பின்மூலைக்குத் தள்ளி, மேலே புதுத்தூளைத் தூவிவிட்டு விளையாடப் போய்விடுவேன். பார்த்தால் பளிச்சென்று இருக்கும். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஆறு கோழிகள்தான் வெளியே வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து.

“கூட்ட நல்லா சுத்தம் பண்ணினியா? எங்கயாச்சும் ஓட்ட இருக்கா?” என்று கேட்டாள் அம்மா.

“இல்லம்மா, நல்லாப் பாத்துட்டேன்.”

நான் பார்க்கவேயில்லை. பின்மூலையில் தூள் முன்னைவிட மேடாக இருந்தது மட்டும் கண்ணில் பட்டது. அதன் மேலும் இரண்டு கை தூவிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

மதியம் பெரியம்மா வீட்டிலிருந்து கோழிக்குழம்பு வாசனை வந்தது. பிடோக்கிலிருந்து அவர்களுடைய உறவினர்கள் வந்திருந்தார்கள். அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு விறுவிறுவென்று வேலிப் பக்கம் போனாள்.

“ஓட்டையும் இல்ல, கம்பியும் அறுபடல. கூட்டுக் கொக்கியத் திறக்கத் தெரிஞ்ச ஆளுதானே எடுத்திருக்கணும்?”

பெரியம்மா கையில் கரண்டியோடு வெளியே வந்தார். “என்ன பேசுற தங்கச்சி?”

“கேட்டிருந்தா நானே புடிச்சுக் கொடுத்திருப்பேன்லா. கொடுத்த கையே எடுத்துக்குமா அக்கா?”

அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. பெரியம்மாவுக்குப் பின்னால் விருந்தாளிகள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். பெரியம்மா உள்ளே போனார். எங்கள் பக்கம் பார்த்த அவர்கள் வீட்டு ஜன்னல் மூடியிருந்து நான் பார்த்ததில்லை. அன்று மூடினார்கள்.

அதைவிட அதிசயம், சாயங்காலத்துக்குள் பெரியம்மாதான் எடுத்திருப்பார் என்று நானும் நம்பத் தொடங்கியிருந்தேன்.

கோழி அடையும் நேரம் வந்தது. ஐந்தும் கூட்டு வாசல்வரை வந்தன. கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தன. அடித்தொண்டையில் ஏதோ முனகிவிட்டுத் திரும்பிவிட்டன. ஒன்று துணி காயப்போடும் கம்பில் ஏறியது. மற்றவை ஜம்பு மரத்தடியில் ஒண்டி நின்றன.

“கூடு நாறுதோ?” அம்மா என்னைப் பார்த்தாள்.

“காலையிலதாம்மா சுத்தம் பண்ணினேன்!”

“அப்ப புடிச்சு உள்ள விடு.”

செவலைக் கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கூட்டுக்குள் தவழ்ந்தேன். அது என் கழுத்தைப் பிறாண்டியது. அதைக் கம்பில் ஏற்றுவதற்காக இடது கையை மூலையில் இருந்த தூள்மேட்டில் ஊன்றினேன். கை அமுங்கியது. தூளுக்கு அடியில் ஏதோ குளிர்ச்சியாக, என் தொடையைவிடப் பருமனாக இருந்தது. அது மெல்ல நகர்ந்தது. தூள் சரிந்து விழ, பாத்திக் கைலியில் அச்சுப் போட்டதுபோல் மஞ்சளும் கறுப்புமாகக் கட்டங்கள் தெரிந்தன.

நான் போட்ட கூச்சல் கம்பம் முழுவதும் கேட்டிருக்கும்.

யாரோ என் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். அம்மா என்று நினைத்துக் கட்டிக்கொண்டேன். நிமிர்ந்து பார்த்தால் பெரியம்மா. வளைத்துவிட்ட இடம்வரை சுற்றிவரப் பொறுக்காமல் வேலியைத் தாண்டிக் குதித்திருக்கிறார். சேலை கிழிந்து தொங்கியது. முழங்காலில் ரத்தம்.

ஆண்கள் கழிகளோடு ஓடிவந்தார்கள். மலைப்பாம்பு. வந்த வழியே திரும்ப முடியாதபடி வயிறு புடைத்திருந்தது. அடித்து வெளியே இழுத்துப் போட்டதும் சீனக் கிழவர் ஒருவர் கத்தியால் வயிற்றைக் கீறினார். வெள்ளிக்கிழமை போன கோழி பாதி கரைந்திருந்தது. அன்று போனது ஈரமாக, முழுசாக வந்தது. அம்மா அடையாளத்துக்குக் காலில் கட்டியிருந்த சிவப்புத் துணிகூட அவிழவில்லை. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெரியம்மா என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா...” என்றாள் அம்மா.

“பிள்ள பயந்து போயிருக்கா. சீனித்தண்ணி கலக்கிக் கொடு” என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா போய்விட்டார். வேலி வழியாகப் போகவில்லை. வாசலைச் சுற்றிக்கொண்டு போனார்.

அப்பா கூட்டைக் காலி செய்தார். மூலையில் நாலு விரல் கனத்துக்கு எச்சமும் தூளும் அடையாகக் காய்ந்திருந்தன. அதற்குப் பின்னால் பலகை உளுத்து, என் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை. மண்வெட்டியில் அந்த அடையை ஏந்தியபடி அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. பாம்பைத் தொட்டதைவிட அது எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா செவலைக் கோழியை என்னிடம் கொடுத்தாள். நாள் தவறாமல் முட்டையிட்டது அது ஒன்றுதான். “பெரியம்மாகிட்டக் கொடு. அம்மா கொடுத்தாங்கன்னு மட்டும் சொல்லு.”

பெரியம்மா கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். இறக்கையைத் தூக்கி, இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா என்று பார்த்தார். உள்ளே போய்ச் சாம்பல் கொண்டுவந்து இரண்டு இடத்தில் தேய்த்துவிட்டார். பிறகு சிரித்துக்கொண்டே என் கையில் திரும்பக் கொடுத்தார்.

“நல்ல கோழி. அம்மாகிட்டயே கொடுத்துடும்மா. எங்க கூட்டுல இடமில்ல.”

அவர் கூட்டில் இன்னும் பத்துக் கோழிகள் அடையலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு ஒரே சந்தோஷம். மூச்சிரைக்க ஓடினேன்.

“அம்மா, நம்மளையே வச்சுக்கச் சொல்லிட்டாங்க!”

அம்மா கோழியை வாங்கவில்லை. படியில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். போன கோழி திரும்பி வந்ததற்கு யாராவது அழுவார்களா? அவளைத் தேற்ற எனக்குத் தெரிந்த ஒரே நல்ல செய்தியைச் சொன்னேன்.

“பெரியம்மா கோபப்படவே இல்லம்மா. சிரிச்சாங்க.”

அம்மாவின் அழுகை இன்னும் பெரிதாகியது.