மூக்கிலிருந்து இறங்கும் சிவப்புக் கோடு

இத்தாலியின் பலெர்மோவில் உனக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் நான் ஒரு படத்தைக் காட்டுவது வழக்கம். தென்னாப்பிரிக்க மலைகளில் சான் மக்கள் பாறையில் தீட்டிய ஓவியம் அது. ஒருவர் இடுப்பு வரை குனிந்து நிற்கிறார். கைகள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கின்றன. மூக்கிலிருந்து மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று இறங்குகிறது. "இவர் என்ன செய்கிறார்?" என்று கேட்பேன். கிழவர், எதையோ தேடுகிறார், வயிற்றுவலி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லோரையும் சொல்லவிட்டுக் கடைசியில்தான் வாயைத் திறப்பேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

அவர் நோய் தீர்ப்பவர். பெண்கள் சுற்றி உட்கார்ந்து கைதட்டிப் பாட, தன்னை மறக்கும்வரை ஆடுகிறார். வயிறு இழுத்துப் பிடிக்கிறது, உடம்பு மடிகிறது, மூக்கில் ரத்தம் வருகிறது. அந்த நிலையை அவர்கள் ஒருவகைச் சாவு என்றே சொன்னார்கள். அதனால்தான் பக்கத்தில் எலண்ட் என்ற பெரிய மான், கால்கள் பின்னிக்கொள்ளச் செத்துக்கொண்டிருக்கிறது. மானின் சாவும் இவர் சாவும் ஒன்று. அங்கே போய்த்தான் மற்றவர்களின் நோயைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறார். வெளியிலிருந்து வந்தவர்களோ நெடுங்காலம் இதையெல்லாம் வேட்டைக் கதை, பொழுதுபோக்கு என்று எழுதிவைத்தார்கள். "ஏனென்றால் அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை" என்று சொல்லி நிறுத்துவேன். அந்த இடம் எப்போதும் நன்றாக எடுபடும்.

ஊருக்குத்தான் உபதேசம், எனக்கில்லை.

நான் திருநெல்வேலிக்காரி; இங்கே பல்கலைக்கழகத்தில் பாறை ஓவியங்களை ஆராய்பவள். போர்கோ வெக்கியோ என்ற பேட்டையில், இலங்கை மன்னாரிலிருந்து வந்த ஒரு அக்காவின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அக்கா பதினேழு வருடமாக இங்கே இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலிய எஜமானிகளின், வீடுகளைத் துடைத்துக் கழுவி, மகளைப் பள்ளியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். கணவருக்கு மொண்டெல்லோ கடற்கரையில் உணவகச் சமையலறை வேலை; கோடை முழுக்க அவர் முகத்தைப் பார்ப்பதே அரிது. என் வேலையை அக்கா ஒருநாளும் வேலையாக ஒத்துக்கொண்டதில்லை. "கல்லிலை கீறின படத்தைப் பாக்கவோ பிள்ளை இவ்வளவு தூரம் வந்தனீ? அதுக்கும் காசு குடுக்கினமோ?" என்று கேட்டுவிட்டு, கோப்பையில் தேநீரை ஊற்றி வைப்பார்.

செப்டம்பரில் இந்த ஊர்ப் புனிதையின் திருநாள் வரும். பெல்லெக்ரினோ மலையில், ஒரு குகைக்குள் அவளுக்குக் கோயில். அக்கா ஒன்பது நாள் நவநாள் பிடித்தார். மதியம் வரை பச்சைத்தண்ணீர் தவிர வேறெதுவும் இல்லை. காலையில் நான் காப்பி போடும்போது சீனி டப்பாவுக்குப் பக்கத்தில் மாத்திரை அட்டை உடைக்காமல் கிடப்பதைப் பார்ப்பேன். ஒன்பது நாளும் பார்த்தேன். யாருடையது, எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை. பாறையில் விரல்நுனி அளவு சிவப்பு இருந்தால் நாள் முழுக்க அதைப் பற்றி யோசிப்பவள் நான்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளுக்குப் பரீட்சைக்குப் படிக்க இருந்தது. நான் அக்காவோடு மலையேறினேன். அக்கா வெறுங்காலோடு ஏறினார். குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நம் தமிழ்ப் பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். குகை, ஈரப்பாறை, கைதட்டல்! எனக்குப் புல்லரித்தது. அப்போதுதான் முன்னால் நின்ற அக்கா மெல்ல மடிந்தார். வலது கை தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்தது, இடது கை பின்னால் போயிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கியது.

என் பைக்குள் கைக்குட்டையும் இருந்தது, போனும் இருந்தது. நான் போனை எடுத்தேன்.

மூன்று படம் எடுத்தேன். அதற்குள் அக்காவின் பங்குக் கோயிலைச் சேர்ந்த ஒரு பெண் ஓடிவந்து தன் சேலைத் தலைப்பால் அக்காவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஒண்டுமில்லை, வெக்கை" என்றார் அக்கா. இறங்கும்போது தலை சுற்றுகிறது என்றார். நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. "அந்த நேரத்துல என்ன பாத்தீங்க அக்கா? வெளிச்சம் மாதிரி ஏதாவது?"

"கறுப்பாய் ஒண்டு வந்து மூடினது பிள்ளை."

பஸ்ஸில் ஏறியதும் அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தில் என் உரை. பாறை ஓவியத்தையும் அக்காவின் படத்தையும் அருகருகே திரையில் காட்டினேன். இரண்டும் ஒரே அளவில் பொருந்த வேண்டும் என்பதற்காக ஓரங்களை வெட்டியிருந்தேன். அக்காவின் முகத்தை மங்கலாக்கியிருந்தேன். அதை நேர்மை என்று வேறு நினைத்துக்கொண்டேன். குனிந்த இடுப்பு, பின்னால் போன கை, சிவப்புக் கோடு. அரங்கம் கைதட்டியது. வழக்கம்போல, அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை என்று முடித்தேன்.

மறுநாள் காலை சிஞ்ஞோராவின் வீட்டில் ஜன்னல் துடைக்கும்போது அக்கா விழுந்தார்.

மருத்துவமனைக்கு மகளும் நானும் ஓடினோம். ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இடது பக்கம் அசைவில்லை. மாத்திரை எடுப்பவர்தானா என்று மருத்துவர் கேட்டார். மகள் தாயிடம் குனிந்து கேட்டுத் திரும்பினாள். சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டிய காலை மாத்திரை. காலையில் சாப்பாடு இல்லை, அதனால் மாத்திரையும் இல்லை. நவநாள் முடிந்த பிறகும், இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே என்று விட்டிருக்கிறார். சீனி டப்பா என் கண்முன்னால் வந்து நின்றது.

இதற்கு முன்னால் ரத்தம் வந்ததா, மயக்கம் வந்ததா என்றார் மருத்துவர். மகள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்கள்தானே மலைக்குப் போனனீங்கள்?"

ரத்தம் வந்தது என்றேன். எவ்வளவு நேரம்? கை கால் சரியாக இருந்ததா? எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது வேறு ஏதோ. என்னிடம் இருந்தது படங்கள் மட்டும்தான். போனை நீட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி அந்த இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்தக் கை அன்றைக்கே தளர்ந்துவிட்டது. அன்றைக்கே கூட்டி வந்திருக்க வேண்டும்" என்றார். நான் அம்புக்குறி போட்டுத் திரையில் காட்டிய கை அது.

மகளும் எட்டிப் பார்த்தாள். "ரத்தம் வரேக்கை படம் எடுத்தனீங்களோ? பெர்கே?"

ஏன் என்று அந்தப் பதினாலு வயதுப் பெண்ணுக்குச் சொல்ல என்னிடம் நாற்பது பக்கக் கட்டுரை இருந்தது. போனை வாங்கிப் பைக்குள் போட்டேன்.

மூன்றாவது வாரம் அக்கா வீட்டுக்கு வந்தார். நடக்க முடிந்தது. ஆனால் இடது கையால் ஒரு துணியைப் பிழிய முடியவில்லை. துணி பிழிய முடியாத கைக்கு இந்த ஊரில் என்ன வேலை? ஒரு சிஞ்ஞோரா வேறு ஆளை வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி கிறிஸ்துமஸ் வரை பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். நான் அறையைக் காலி செய்துவிடலாம் என்று பெட்டியை எடுத்தேன். உண்மையைச் சொன்னால், அக்கா முகத்தைப் பார்க்கப் பயந்துதான்.

"அந்தப் படத்தைக் காட்டு" என்றார் அக்கா. மகள் சொல்லியிருக்கிறாள்.

சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். பல்கலைக்கழகத்தில் காட்டியதையே காட்டினேன். ஒளிக்க இனி என்ன இருக்கிறது. அக்கா தன் படத்தை அதிக நேரம் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவரைத்தான் பார்த்தார்.

"இவர் ஆர்?"

"வைத்தியர் மாதிரி அக்கா. மத்தவங்க நோயைத் தன்மேல வாங்கிக்குவார்."

"பாவம். இவருக்கும் மூக்காலை ரத்தம் வருது." அக்கா வலது கையால் திரையைத் தொட்டார். "ஒருத்தரும் துடைச்சு விடேல்லையோ?"

இத்தனை வருடமும் நான் அந்த மனிதருக்காக ஒருமுறைகூடக் கேட்காத கேள்வி. பாறையில் அவர் தனியாக இல்லை. பின்னாலேயே இன்னொருவர் நின்று, இரண்டு கைகளாலும் அவர் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். அக்காவின் படத்திலும் சேலைத் தலைப்போடு அந்தப் பெண் ஓடிவந்துகொண்டிருந்தாள். தாங்க வந்த அந்த இரண்டு பேரையும் ஓரங்களோடு சேர்த்து வெட்டியவள் நான்.

"ஆள் இருந்தாங்க அக்கா" என்றேன். "நான்தான் வெட்டிட்டேன்."